லைட்ரூம், கேப்சர் ஒன், டார்க்டேபிள்: வேகத்தை எங்கே அளப்பது?

புகைப்படத் திருத்த மென்பொருள்களை ஒப்பிடும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை ஏற்றுமதி வேகத்தைத்தான் முதலில் அளக்கின்றன. ஒரு கோப்புறை நிறைய ரா கோப்புகளை (கேமரா பதிவு செய்யும் மூலத் தரவு) ஜேபெக் ஆக மாற்றுவதற்கு எந்த மென்பொருள் எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்று பட்டியலிட்டு, முதலில் முடித்ததை வேகமானது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஏற்றுமதி நடக்கும் நேரத்தில் கணினியின் முன் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடலாம். நாம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் இடங்கள் வேறு: ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தாவும்போது அது தெளிவாகத் தெரிய ஆகும் நேரம், ஸ்லைடரை நகர்த்தியபின் திரையில் மாற்றம் தோன்ற ஆகும் நேரம், சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஒரு படத்தைத் தேடிப் பிடிக்க ஆகும் நேரம். இம்மூன்றில் கடைசியானதே மிகப் பெரியது என்பதும், மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் மிகக் குறைவாக யோசிப்பதும் அதைப் பற்றித்தான் என்பதும் என் கருத்து. அடோபியின் சந்தா மென்பொருளான லைட்ரூம் கிளாசிக், கேப்சர் ஒன், இலவச மென்பொருளான டார்க்டேபிள் ஆகியவற்றையும், அவற்றுக்குத் துணையாக வைத்துக்கொள்ளத் தகுந்த சிலவற்றையும் அந்தக் கோணத்திலிருந்தே இங்கே பார்க்கிறேன்.

முதலில், எடுத்த படங்களிலிருந்து நல்லவற்றைப் பொறுக்கும் வேலை. ரா கோப்பு இன்னும் படமாகாத தரவு. பெரும்பாலான கேமராக்களின் உணரியில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத்தை மட்டுமே பதிவு செய்கிறது. மீதி இரண்டையும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணித்து நிரப்பிய பிறகுதான் அது பார்க்கத் தகுந்த படமாகிறது. இந்தக் கணக்கை ஒவ்வொரு படத்துக்கும் செய்துகொண்டிருந்தால் எந்தக் கணினியும் திணறும். ஆனால் கேமரா தானே சமைத்த ஒரு ஜேபெக் படத்தையும் ரா கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்கிறது. ஃபோட்டோ மெக்கானிக் என்ற மென்பொருள் இந்தப் பொதிந்த படத்தை எடுத்துக் காட்டுவதோடு நின்றுவிடுவதால்தான், விளையாட்டுப் போட்டிகளிலிருந்தும் செய்திக் களங்களிலிருந்தும் உடனுக்குடன் படம் அனுப்ப வேண்டிய ஒளிப்படக்காரர்கள் நெடுங்காலமாக அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். அம்புக்குறி விசையை எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் படம் பின்தங்குவதில்லை. அதில் திருத்தும் வசதி ஏறக்குறைய இல்லை. அதை ஒரு குறையாகவும் நான் கருதவில்லை.

லைட்ரூம் கிளாசிக்கிலும் இதே வழி உண்டு. படங்களை உள்ளே கொண்டுவரும் சாளரத்தில், கோப்பில் ஏற்கெனவே இருக்கும் முன்தோற்றத்தையே பயன்படுத்தும்படி சொல்லலாம். அதைத் தேர்ந்தெடுக்காமல் குறைந்தபட்ச முன்தோற்றத்தோடு உள்ளே வந்துவிட்டு, ஒவ்வொரு படத்தையும் முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்து, லைட்ரூம் மிக மந்தம் என்று சலித்துக்கொள்பவர்கள் ஏராளம். முழு அளவு முன்தோற்றங்களை முன்கூட்டியே உருவாக்கச் சொல்லிவிட்டு எழுந்து போய், முடிந்தபின் வந்து உட்கார்ந்தால் அந்த மந்தம் பெரிதும் மறைந்துவிடும். அவை வன்தட்டில் நிறைய இடம் பிடிக்கும் என்பதால், இயல்பான அமைப்பில் 30 நாள்களுக்குப் பிறகு லைட்ரூம் அவற்றைத் தானே அழித்துவிடுகிறது. ஓர் எச்சரிக்கையும் தேவை: பொதிந்த ஜேபெக் கேமராவின் ரசனைப்படி சமைக்கப்பட்டது. அதில் வெளுத்துப்போனதாகத் தெரியும் வானம் ரா தரவில் பத்திரமாக இருக்கக்கூடும். ஆகவே கூர்மையையும் முகபாவத்தையும் பார்த்துக் கழிக்க அது போதுமானது; வெளிச்சத்தைப் பார்த்துக் கழிக்க அதை நம்பக் கூடாது. அதற்கு ஃபாஸ்ட்ராவ்யூவர் போல ரா தரவின் பரவல் வரைபடத்தையே (ஹிஸ்டோகிராம்) நேராகக் காட்டும் மென்பொருள் பொருத்தமானது.

திருத்தும்போது கிடைக்கும் வேகத்தைப் பொறுத்தவரை, வேறுபாடுகள் மென்பொருளைவிடக் கணினியைச் சார்ந்தே அதிகம் அமைகின்றன. டார்க்டேபிள் கிராஃபிக்ஸ் கார்டின் உதவியோடு ஓடும்போது ஒரு மென்பொருள், அது இல்லாதபோது வேறொரு மென்பொருள் என்றே சொல்லத் தோன்றுகிறது. இரைச்சல் (இருட்டில் எடுத்த படங்களில் தெரியும் புள்ளிப்புள்ளியான சிதறல்) நீக்கம், கூர்மையாக்கம் ஆகியவற்றுக்கான அதன் கனமான மாட்யூல்கள், அதாவது தனித்தனிக் கருவிகள், கார்டு இல்லாத பழைய மடிக்கணினியை நிறுத்தியே விடுகின்றன. கேப்சர் ஒன்னில் ஸ்லைடரை இழுக்கும்போது படம் உடனே இசைந்து வருகிறது என்ற பரவலான பாராட்டு நியாயமானது. லைட்ரூமுக்கு அந்த இலகு குறைவுதான். அதற்கு ஒரு மருந்து அதன் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது: நீண்ட பக்கம் 2560 புள்ளிகள் கொண்ட ஸ்மார்ட் முன்தோற்றங்களை உருவாக்கி, மூலக் கோப்புக்குப் பதிலாக அவற்றின் மீது திருத்தும்படி செயல்திறன் பகுதியில் குறித்துவிட்டால், பெரிய கேமராக்களின் கோப்புகளிலும் வேலை சரளமாக நடக்கும். ஏற்றுமதி மட்டும் மூலக் கோப்பிலிருந்து முழுத் தரத்தில் நடைபெறும். மூலக் கோப்புகள் இருக்கும் வெளித்தட்டைக் கழற்றி வைத்துவிட்டும் திருத்தலாம் என்பது இதன் கூடுதல் பயன்.

இரைச்சல் நீக்கம் தனிக் கதை. டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப் என்ற மென்பொருளின் டீப்பிரைம் வசதி இந்தத் துறையில் மற்றவர்களை விழிக்க வைத்தது. லைட்ரூம் தன் செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கத்தை 2023-இல்தான் கொண்டுவந்தது, அப்போதும் ஒவ்வொரு படத்துக்கும் தனியாக ஒரு பெரிய டிஎன்ஜி (அடோபியின் ரா வடிவம்) கோப்பை உருவாக்கித் தள்ளியது. இருட்டில் எடுக்கும் படங்களே ஒருவருடைய பிரதான வேலை என்றால், ஃபோட்டோலேப்பைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

இனி ஒழுங்கமைப்புக்கு வருகிறேன். வேகத்தில் செய்யும் தவறைப் புதிய கணினி வாங்கித் திருத்திக்கொள்ளலாம், இங்கே செய்யும் தவறு அப்படித் தீராது. லைட்ரூம் கிளாசிக் எல்லாவற்றையும் கேட்டலாக் எனப்படும் ஒரே எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது. படங்கள் அதற்குள் போவதில்லை. அவை எங்கே இருக்கின்றன, அவற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே அதற்குள் இருக்கின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் கோப்புறைகளை லைட்ரூமுக்கு வெளியே இடம்மாற்றுபவர்களுக்குத்தான் ‘கோப்பைக் காணவில்லை’ என்ற அறிவிப்பு வந்து சேர்கிறது. புரிந்துகொண்டவர்களுக்கு இந்த ஏற்பாடு அருமையானது. ஒரே படம், நகல் எடுக்கப்படாமலே, எத்தனை தொகுப்புகளில் வேண்டுமானாலும் இடம்பெறலாம். குறிப்பிட்ட லென்ஸில் எடுத்த, நான்கு நட்சத்திரத்துக்குக் குறையாத, ஒரு குறிச்சொல்லைக் கொண்ட படங்கள் அனைத்தும் தாமாகவே வந்து சேரும்படி ஒரு ஸ்மார்ட் தொகுப்பை அமைக்கலாம். பெரிய படக் களஞ்சியத்தைத் தேடுவதில் இந்த மூன்றில் லைட்ரூமையே நான் முதலில் வைக்கிறேன். கேட்டலாக்கை எஸ்எஸ்டி வட்டில் வைக்க வேண்டும். வலையமைப்பு வட்டில் வைக்க லைட்ரூம் சம்மதிக்காது.

அதன் பலவீனமும் அதே தரவுத்தளம்தான். நட்சத்திரங்கள், குறிச்சொற்கள், தலைப்புகள், திருத்தக் குறிப்புகள் ஆகியவற்றைப் படத்தின் பக்கத்திலேயே ஓர் எக்ஸ்எம்பி கோப்பாக எழுதி வைக்கும் வசதி லைட்ரூமில் உண்டு, ஆனால் நாமாகப் போய் அதை இயக்க வேண்டும். இயக்கிய பிறகும் தொகுப்புகளும் மெய்நிகர் நகல்களும் (கோப்பை நகலெடுக்காமல் ஒரே படத்துக்கு வைத்துக்கொள்ளும் வேறு திருத்த வடிவங்கள்) கேட்டலாக்கை விட்டு வெளியே வருவதில்லை. சந்தா முடிந்தால் என்ன ஆகும் என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு செய்தி: கிளாசிக் மென்பொருள் அப்போதும் திறக்கும், தேடலாம், ஏற்றுமதி செய்யலாம், திருத்தும் பகுதியும் வரைபடப் பகுதியும் மட்டுமே மூடிக்கொள்ளும். பெயர் ஒன்றாக இருப்பதால், மேகச் சேமிப்பை மையமாகக் கொண்ட மற்றொரு லைட்ரூமோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2017-இல் அடோபி இரண்டையும் பிரித்தபோது வைத்த பெயர்கள் இன்றுவரை புதியவர்களைத் திண்டாட வைக்கின்றன.

கேப்சர் ஒன்னில் கேட்டலாக்கும் உண்டு, செஷனும் உண்டு. அதன் உண்மையான பலம் செஷன்தான். ஒரு வேலைக்கு ஒரு செஷன் தொடங்கினால், எடுத்தவை, தேர்ந்தவை, வெளியீடு, குப்பை என நான்கு கோப்புறைகள் உருவாகின்றன, திருத்தக் குறிப்புகளும் படங்களோடு அங்கேயே தங்குகின்றன. அந்தக் கோப்புறையை அப்படியே வேறொரு கணினிக்குக் கொண்டுபோய்த் திறந்தால் வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும். கேமராவைக் கணினியோடு கேபிளால் இணைத்து ஸ்டுடியோவில் படமெடுப்பவர்களுக்கு இதற்கு இணையான மென்பொருள் வேறில்லை என்று துணிந்து சொல்வேன். ஆனால் பல ஆண்டுப் படங்களை ஒரே இடத்தில் குவித்துத் தேட விரும்புபவருக்குச் செஷன் உதவாது. அதன் கேட்டலாக்கோ லைட்ரூமுடையதைப் போல இயல்பாகப் பெரிய சுமையைத் தாங்குவதாக எனக்குத் தோன்றவில்லை.

டார்க்டேபிள் தரவுத்தளத்தையும் வைத்துக்கொண்டு, கேட்காமலே ஒவ்வொரு படத்துக்கும் எக்ஸ்எம்பி கோப்பையும் எழுதிவிடுகிறது. ஒரே படத்துக்கு இரண்டாவது வடிவம் உருவாக்கினால் அதற்கும் தனி எக்ஸ்எம்பி பிறக்கிறது. தரவுத்தளம் கெட்டுப்போனாலும் படக் கோப்புறையை மீண்டும் உள்ளே கொண்டுவந்தால் அத்தனையும் திரும்பிவிடும். தேடலும் தொகுத்தலும் லைட்ரூம் அளவுக்கு வழவழப்பாக இல்லை. முகங்களை அடையாளம் காண்பது போன்ற தேவைகளுக்கு டிஜிகேம் என்ற படத் தொகுப்பு மென்பொருளைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதுவும் இலவசமே.

ஒரு மென்பொருளை விட்டு வெளியேறும் வழியைப் பற்றி இவ்வளவு தூரம் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆப்பிள் 2005-இல் வெளியிட்ட அப்பெர்ச்சர், தொழில்முறையாளர்கள் பலர் நம்பி ஏற்ற மென்பொருள். 2014-இல் அதன் வளர்ச்சி நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது, அடுத்த ஆண்டு விற்பனையும் நின்றது, மொஹாவிக்குப் பிந்தைய மேக் இயங்குதளங்களில் அது ஓடவே இல்லை. கூகுள் வளர்த்த பிகாசாவை 2016-இல் கூகுளே கைவிட்டது. மென்பொருள் மாறும்போது நட்சத்திரமும் குறிச்சொல்லும் தலைப்பும் பொதுவான வடிவத்தில் எழுதப்பட்டிருந்தால் உடன் வரும். திருத்தங்கள் பெரும்பாலும் வரமாட்டா, ஏனெனில் ஒவ்வொரு மென்பொருளின் ஸ்லைடருக்குப் பின்னாலும் இருக்கும் கணக்கு அதற்கே உரியது. கேப்சர் ஒன்னும் டார்க்டேபிளும் லைட்ரூமின் அடிப்படைத் திருத்தங்கள் சிலவற்றை வாசிக்கும், ஆனால் விளைவு ஒன்றாக இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது.

எளிமை என்ற தலைப்பில் மதிப்புரைகள் அதிக இடத்தைச் செலவிடுகின்றன. நான் குறைவாகவே சொல்கிறேன். முதல் நாளில் லைட்ரூமே எளிது: திருத்தும் பகுதியில் மேலிருந்து கீழே வரிசையாக இறங்கி வந்தால் பெரும்பாலான படங்கள் முடிந்துவிடும். கேப்சர் ஒன்னில் கருவிகளை நம் விருப்பப்படி இடம்மாற்றி அடுக்கிக்கொள்ளலாம் என்பதால், அடுக்கி முடிக்கும்வரை அது அந்நியமாகவும் முடித்தபின் வசதியாகவும் தெரிகிறது. டார்க்டேபிள் புதியவரிடம் இரக்கம் காட்டுவதில்லை. வெளிச்ச வீச்சைத் திரைக்கு ஏற்பச் சுருக்கும் ஒரே வேலைக்கு ஃபில்மிக், சிக்மாய்டு, பேஸ் கர்வ் என்று பல மாட்யூல்கள் இருக்கின்றன, எது வேண்டும் என்று மென்பொருள் சொல்லித் தருவதில்லை. ஒன்றைத் தேர்ந்து, தேவையான சில மாட்யூல்களை மட்டும் விரைவு அணுகல் பகுதியில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஓராண்டுக்கு மறந்துவிடுவதே அதைக் கற்கும் வழி. கிம்ப், அஃபினிட்டி ஃபோட்டோ ஆகியவற்றை இவற்றோடு சேர்த்து ஒப்பிடுவது பொருந்தாது. அவை ஒரு படத்தை எடுத்து அதிலேயே ஊன்றி வேலை செய்வதற்கானவை, நூற்றுக்கணக்கான படங்களை ஒருசேரக் கையாள்வதற்கானவை அல்ல.

ஆண்டுக்கணக்கில் சேர்த்த களஞ்சியத்தைப் பராமரிப்பவர் லைட்ரூம் கிளாசிக்கை எடுத்துக்கொண்டு, முதல் நாளே எக்ஸ்எம்பி எழுதும் அமைப்பை இயக்கிவிடட்டும். வேலைவேலையாக எடுத்து, ஒப்படைத்து, மூடிவைப்பவருக்குக் கேப்சர் ஒன். சந்தாவை விரும்பாத, கற்றுக்கொள்ளப் பொறுமையுள்ள, ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவருக்கு டார்க்டேபிள். இவற்றுள் எதை எடுத்தாலும், படங்கள் மிக அதிகமாகக் குவியும் நாள்களில் அதற்கு முன்னால் ஒரு ஃபோட்டோ மெக்கானிக் நின்றால் பாதி அலுப்பு குறையும்.

எதையும் முடிவு செய்யும் முன், சோதனைக் காலத்தில் ஒரு சிறு கோப்புறையை எடுத்து நட்சத்திரமும் குறிச்சொல்லும் இட்டுவிட்டு, அதே கோப்புறையின் நகலை மற்றொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். லைட்ரூமிலும் கேப்சர் ஒன்னிலும் எக்ஸ்எம்பி அமைப்பை மாற்றியிராவிட்டால் ரா கோப்புகள் வெறுமையாக வந்து நிற்கும். டார்க்டேபிளிலிருந்து லைட்ரூமுக்குப் போனாலும் வெறுமையே தெரியும், ஆனால் அதற்குக் காரணம் வேறு: டார்க்டேபிள் படக்கோப்பின் முழுப் பெயருக்கும் நீட்டிப்புக்கும் பின்னால் எக்ஸ்எம்பி என்று சேர்க்கிறது, லைட்ரூமோ நீட்டிப்பை நீக்கிய பெயரைத் தேடுகிறது. அந்த எக்ஸ்எம்பி கோப்புகளின் பெயரை மொத்தமாக மாற்றி, லைட்ரூமில் மீண்டும் வாசிக்கச் சொன்னால் நட்சத்திரங்களும் குறிச்சொற்களும் வந்து சேர்ந்துவிடும்.