எழும்பூர் அருங்காட்சியகம், பிள்ளைகளோடு ஒரு நாள்

சென்னையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று கேட்டால் பலரும் ஷாப்பிங் மாலைத்தான் சொல்கிறார்கள். நான் பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தைத்தான் சொல்வேன். 1851-ல் ஆரம்பித்தது, எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கம், வெள்ளிக்கிழமை விடுமுறை. அதை மட்டும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

சின்னப் பிள்ளைகள் என்றால் நேராக விலங்கியல் பகுதிக்குப் போய்விடுங்கள். திமிங்கல எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்க்கும்போது பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்கவே போகலாம், அவ்வளவு நன்றாக இருக்கும். அப்புறம் வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர். சுற்றிலும் திருவாசி என்கிற நெருப்பு வளையம் இல்லாததால் கையும் காலும் வீசி நிற்கிற வேகம் தனியாகத் தெரியும், காலடியில் மிதிபடும் அசுரன் முயலகனைக் காட்டிக் கதை சொன்னால் அரை மணி நேரம் அங்கேயே போய்விடும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றிச் சொல்லுங்கள். 1863-ல் நம்ம பல்லாவரத்தில் பழைய கற்காலக் கற்கோடரியைக் கண்டெடுத்தவர், அவர் சேகரித்த கற்கருவிகள் பின்னாளில் இங்கேதான் வந்து சேர்ந்தன.

எல்லாக் கட்டடத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைக்காதீர்கள், பிள்ளைகளுக்குக் கால் வலித்துவிடும். இரண்டு கூடம் போதும், மிச்சத்துக்கு இன்னொரு நாள் வரலாம். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.