பியானோவா, பாட்டு வகுப்பா?

எங்கள் வீட்டில் பெரியவள் பியானோ, சின்னவன் கர்நாடகப் பாட்டு. எதில் சேர்க்கலாம் என்று கேட்பவர்கள், மூளை வளருமா என்பதையும் சேர்த்தே கேட்கிறார்கள். 2004-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வு 144 ஆறு வயதுப் பிள்ளைகளைப் பார்த்தது. சிலருக்குக் கீபோர்டு, சிலருக்குப் பாட்டு, சிலருக்கு நாடகம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இசை கற்றவர்களின் நுண்ணறிவு ஈவு (ஐக்யூ) சராசரியாக 7 புள்ளி ஏறியது, மற்றவர்களுக்கு 4.3. கீபோர்டா பாட்டா என்பதில் பெரிய வித்தியாசமில்லை. பழகும் விதத்தில் முன்னேறியவர்கள் நாடகப் பிள்ளைகள்! அப்புறம் 2020-இல் 54 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, கட்டுக்கோப்பாக நடத்தியவற்றில் அந்தப் பலன் ஏறக்குறைய மறைந்துவிட்டது. சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ மதிப்பெண்ணுக்காக என்றால் அந்தக் காசைத் துணைப்பாட வகுப்புக்கே கட்டலாம்.

சரி, பிள்ளைக்கு வேறென்ன கிடைக்கிறது? பியானோவில் கட்டையை அழுத்தினால் சரியான சுரம் தானே வரும். கண் இசைத்தாளில் இரண்டு வரிசைகளைப் படிக்க, இரு கைகளும் வெவ்வேறு வேலை செய்யும். பள்ளி இசைக்குழுவில் சேர இந்தப் படிப்பு கைகொடுக்கும். குறை என்னவென்றால், தேர்வுக்கான மூன்று உருப்படிகளையே மாதக்கணக்கில் தேய்க்கிறோம். மூன்றாம் கிரேடு தேர்வு முடித்த என் மகளுக்கு இசைத்தாள் இல்லாமல் பிறந்தநாள் பாட்டு வராது.

பாட்டில் சுருதியைக் காதுதான் பிடிக்க வேண்டும். முதலில் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற சுரப் பயிற்சி. மூன்றாம் காலத்தில், அதாவது நான்கு மடங்கு வேகத்தில், கை ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையைப் போட, வாய் 32 சுரம் சொல்லும். பின்னம் என்ற சொல் தெரியாமலே பின்னம் பழகிவிடுகிறது. ஆனால் ஒரே வரிசை வாரக்கணக்கில் ஓடும்; சின்னவன் கொட்டாவி விடுவான். பாடினால் தமிழ் உச்சரிப்பு தானாகத் திருந்தும் என்று நானும் நம்பினேன். ஆனால் தொடக்கத்தில் கற்கும் கீதங்கள் என்ற எளிய பாடல்கள் பெரும்பாலும் சமஸ்கிருதமும் கன்னடமும்தான். ஆசிரியரிடம் தமிழ்ப் பாடல் கேட்டு வாங்கிய பிறகுதான் அவனுக்கு ழகரம் வந்தது.

செலவில் பாட்டு வெல்லும், சுருதிக்குக் கைப்பேசி போதும். சுவர் ஒட்டிய வீவக அடுக்குமாடி வீட்டில் மின்பியானோவுக்கு ஹெட்ஃபோன் உண்டு, தொண்டைக்கு இல்லை. 1949-இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற இடங்களில் வாய்ப்பாட்டோடு வீணை, மிருதங்கமும் கற்கலாம். பையன்களுக்கு இது முக்கியம்: உயர்நிலை 1, 2 வாக்கில் மகரக்கட்டு உடைந்து குரல் மாறும்போது பாட்டு தடுமாறும், பியானோவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இரண்டில் ஒன்று என்றால், ஐந்தாறு வயதில் பாட்டுக்கே என் ஓட்டு. தொடக்கநிலை 3-இல் வேண்டுமானால் பியானோ. சின்னவனுக்கு இப்போதே மிருதங்கத்தின்மேல் ஒரு கண். கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.