மழையிலும் அறுந்துபோகாத டெர்மினல்: மோஷ்

இலங்கை மலையகத்து டிக்கோயாவில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூர் சேர்வரில் வேலை பார்க்கிறேன். ஜூன் மழை பிடித்தால் கரண்ட் போகும், ரவுட்டர் அணையும், போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறினால் ஐபி முகவரியும் மாறிவிடும், தூரத்துச் சேர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் திரை அப்படியே உறைந்து நிற்கும். ஒருமுறை டேட்டாபேஸ் மைகிரேஷன் பாதியில் அறுந்து, விடிய விடிய பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்தேன். அதற்குப் பிறகுதான் மோஷுக்கு வந்தேன்.

2012இல் எம்ஐடியில் பிறந்த இலவச மென்பொருள் இது. உள்ளே நுழைவது எஸ்எஸ்எச் வழியாகத்தான், அப்புறம் நிலையான இணைப்பைப் பிடித்துவைக்காமல் தகவலைத் துண்டு துண்டாக அனுப்பும் யூடிபி முறைக்கு மாறிக்கொள்ளும். அதனால் லப்டொப்பை மூடி, ஹட்டன் பஸ் ஏறி, டவுனில் இறங்கித் திறந்தாலும் கர்சர் விட்ட இடத்திலேயே நிற்கிறது. தொடர்பு இல்லாதபோது சேர்வர் எத்தனை விநாடியாகப் பேசவில்லை என்று மேலே ஒரு நீலப் பட்டை சொல்லும். எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு: சிக்னல் மந்தமாக இருந்தாலும் தட்டிய எழுத்து சேர்வரின் பதிலுக்குக் காத்திருக்காமல் அடிக்கோட்டோடு உடனே திரையில் விழுகிறது.

பலர் தடுக்கி விழுவது, எந்தப் போர்ட் (சேர்வரின் எண்ணிட்ட வாசல்) வழியாக உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலில்தான். மோஷ் 60000 முதல் 61000 வரையுள்ள யூடிபி போர்ட்களைத் தேடும், ஆனால் ஒரு இணைப்புக்கு ஒன்றே போதும், தனி ஆளுக்கு 60010 வரை திறந்தால் தாராளம். சேர்வருக்குள் மட்டும் திறந்துவிட்டு, கிளவுட் கணக்கின் ஃபயர்வாலை மறந்து ஒரு சாயங்காலத்தையே தொலைத்தேன். லப்டொப், சேர்வர் இரண்டு பக்கமும் லோக்கேல் (மொழி, எழுத்து அமைப்பு) யூடிஎஃப்-8 ஆக இல்லாவிட்டால் தொடங்கவே தொடங்காது.

குறையும் உண்டு. மேலே ஓடிப்போன வரிகளைப் பின்னால் உருட்டிப் பார்க்க முடியாது, லப்டொப் ரீஸ்டார்ட் ஆனால் அந்த இணைப்பையும் திரும்பப் பிடிக்க முடியாது. இரண்டுக்கும் மருந்து, திரைகளைச் சேர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ். மோஷுக்குள் அதை ஓட்டுங்கள், அதன் கன்ஃபிக் கோப்பில் மவுஸை ஆன் செய்து, வழக்கமாக 2000 வரி இருக்கும் ஹிஸ்டரி லிமிட்டை 50000 ஆக்குங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னல்களுக்கு அது பொருந்தாது, புதிதாகத் திறக்க வேண்டும்.

சேர்வரின் ஒரு போர்ட்டை லப்டொப்பிலிருந்தே எட்ட உதவும் போர்ட் ஃபார்வர்டிங் மோஷில் கிடையாது. அதற்குப் பக்கத்தில் சாதாரண எஸ்எஸ்எச் ஒன்றை வைத்திருக்கிறேன், கன்ஃபிக்கில் சர்வர் அலைவ் இன்டர்வெல் (எத்தனை விநாடிக்கொருமுறை சேர்வரைக் கேட்டுப் பார்ப்பது) 30, கவுண்ட் மேக்ஸ் (எத்தனை முறை பதில் வராவிட்டால் விடுவது) 3. லைன் செத்தால் ஒன்றரை நிமிடத்தில் தானாக விட்டுவிடும், உடனே திரும்பப் போட்டுக்கொள்வேன்.