கூடலூர்ப் பக்கத்துத் தோட்ட லைன் வீடு: வேலையில் இருக்கும்வரை மட்டும்

நீலகிரி மாவட்டக் கூடலூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அத்தை வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் குடியிருந்து வரும் லைன் வீட்டை (தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய குடியிருப்பில் ஒன்று) பற்றி, அங்கே சேர நினைப்பவர்களும் ஓய்வை நெருங்குபவர்களும் அறிந்துகொள்ள இதை எழுதுகிறேன்.

ஓர் அறை, சமையற்கட்டு, முன்னால் சிறு திண்ணை. வாடகை கிடையாது, தொழிலாளருக்கு வீடு தருவதை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே நிர்வாகத்தின் கடமையாக்கியது. பொதுக்குழாயில் தண்ணீர் தவறுவதில்லை. தென்மேற்குப் பருவமழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறும். கூரை ஒழுகுகிறதென்று சொன்னால், மழை ஓய்ந்த பிறகுதான் ஆள் வருவார். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம்.

வீட்டோடு வரும் விதிக்கு ஒன்றுகூடத் தர எனக்கு மனமில்லை. குடும்பத்தில் ஒருவராவது செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், இருந்தால்தான் வீடு நிற்கும். அத்தை ஓய்வு பெற்றபோது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருந்த அவருடைய மகன், கூரையைக் காப்பாற்றுவதற்காகவே அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே மருந்தடிக்க வந்தான். அப்படி வர ஆளில்லாதவர்கள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும்; அவர்களின் நிலைமை இன்னும் கொடுமையானது. ஓய்வின்போது நிர்வாகம் தரும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்பது ஓராண்டு உழைப்புக்கு 15 நாள் சம்பளம் என்றும், அதை 30 நாளுக்குள் தர வேண்டும், தவறினால் வட்டியும் சேரும் என்றும் சட்டம் சொல்கிறது. இந்தத் தோட்டத்திலோ சாவியை ஒப்படைத்த பிறகுதான் காசோலை. அந்தப் பணம் கைக்கு வந்தால்தான் வேறு வீட்டுக்கு முன்பணம் கட்ட முடியும் என்றிருப்பவர்கள் முதலில் எங்கே போய்க் குடியேறுவார்கள்?

அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. ஆனால் சொந்த மனைக்குப் பட்டா வேண்டும். காலமெல்லாம் தோட்டத்து வீட்டிலேயே இருந்தவர்களுக்கு மனை ஏது? அதிலும் கூடலூரில் 1969-ஆம் ஆண்டின் ஜென்மம் (பரம்பரை நில உடைமை) ஒழிப்புச் சட்டத்தில், குத்தகைத் தோட்ட நிலங்களைப் பற்றிய 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் பட்டா வாங்குவது எளிதன்று. வீடில்லாதவருக்கான திட்டம் மிகவும் தேவைப்படுபவரை வாசலிலேயே நிறுத்திவிடுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

ஆகவே, ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பே இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணிக்கொடைக்கான விண்ணப்பத்தையும் எழுத்தில் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் முறையிட அந்த நகல்தான் துணை.