பன்னிரண்டு கண்ட்ரோலர், ஒரே கேபிள்: 485 போடுவதா, ஈதர்நெட்டா, கேனா?

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. நீளமான ஷெட்டில் 10 மீட்டருக்கு ஒன்றாக 12 சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷின்கள். ஒவ்வொன்றின் பேனலிலும் ஒரு கண்ட்ரோலர். எந்த மெஷினில் என்ன வெப்பநிலை, எந்த ஸ்டெப் ஓடுகிறது என்பதெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும் என்றார் முதலாளி. முதல் மெஷினிலிருந்து கடைசி மெஷின் வரை 110 மீட்டர், அங்கிருந்து ஆபீஸுக்கு இன்னொரு 60. கண்ட்ரோலரில் 485 (ஆர்எஸ்-485) என்ற இரண்டு வயர் தகவல் போர்ட் கூடவே வருகிறது. காசு கொடுத்தால் ஈதர்நெட் கார்டோ கேன் (CAN) கார்டோ செருகிக்கொள்ளலாம். "எதுங்க தம்பி நல்லது?" என்று கேட்டார்.

கேட்லாக்கைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஸ்பீடு. எனக்கு முதல் கேள்வி வேறு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு மெஷின் திரையிலிருந்து காணாமல் போனால், கூடவே எத்தனை மெஷின் போகும்? அதை யார், எந்தக் கருவியை வைத்துக் கண்டுபிடிப்பார்? அந்த ஷெட்டில் இரவு ஷிஃப்டில் இருப்பவர் ஒரே ஒரு எலக்ட்ரீஷியன். அவர் பையில் டெஸ்டர், கட்டிங் பிளேயர், மல்டிமீட்டர். லேப்டாப் கிடையாது.

ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் போர்ட்டை ஒரு வரியில் முடித்துவிடலாம். அது இரண்டே பேர் பேசிக்கொள்ளும் லைன், தூரமும் சுமார் 15 மீட்டர்தான். புரோகிராம் ஏற்ற வைத்துக்கொள்வோம்.

485 என்பது 1983-இல் வந்த மின் தரம். அதன் மேல் ஓடும் கேள்வி-பதில் மொழியான மாட்பஸ் இன்னும் பழையது, மாடிகான் நிறுவனம் 1979-இல் கொண்டுவந்தது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர், வாங்கும் பக்கம் பார்ப்பது அந்த இரண்டுக்கும் உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தை மட்டும். பக்கத்து மோட்டார் டிரைவ் கேபிளிலிருந்து இரைச்சல் ஏறினால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் ஏறும், கழித்தால் போய்விடும். 200 மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே புரிந்துகொள்ளும். மெதுவான வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும், சாதாரண கணக்கில் 32 பேரை ஒரே லைனில் தொங்கவிடலாம். நம் 170 மீட்டரும் 12 கண்ட்ரோலரும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வேகம் போதுமா? கணக்கே போட்டுவிடலாம். ஒரு கண்ட்ரோலரிடம் 10 ரெஜிஸ்டர், அதாவது 10 மதிப்புகள், கேட்க 8 பைட், பதிலுக்கு 25 பைட், மொத்தம் 33. ஒரு பைட்டுக்கு 11 பிட் வீதம், செகண்டுக்கு 9600 பிட் வேகத்தில் 38 மில்லி செகண்ட். நடுவில் விடும் இடைவெளி, கண்ட்ரோலர் யோசிக்கும் நேரம் எல்லாம் சேர்த்து 80 என்று வைத்துக்கொண்டாலும், 12 பேரையும் ஒரு சுற்று விசாரித்து முடிக்க ஏறக்குறைய ஒரு செகண்ட். சாயத் தொட்டியின் வெப்பம் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிதான் ஏறும். அதற்கு இது தாராளம்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லோரும் விழித்திருக்கும்போதுதான். கிளீனிங்குக்காக ஒரு மெஷினின் மெயினை ஆஃப் செய்துவிட்டால், எல்லோரையும் விசாரிக்கும் மாஸ்டர் அதைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும். காத்திருப்பு ஒரு செகண்ட், மறுமுயற்சி சேர்த்து மூன்று தடவை என்று வைத்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் 3 செகண்ட் வீண். நல்லபடியாக ஓடும் பதினொன்றும் திரையில் மந்தமாகிவிடும். "நெட்வொர்க் ஸ்லோ" என்று வரும் புகாரில் பாதி இதுதான். காத்திருப்பை 200 மில்லி செகண்டுக்குக் குறைத்து, பதில் சொல்லாத மெஷினை அரை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கேட்கச் சொல்லிவிட வேண்டும்.

485-இல் நான் பட்ட அவஸ்தையையும் சொல்ல வேண்டும். வேறொரு ஷெட்டில் இதே போல 12 கண்ட்ரோலர். மாஸ்டருக்குப் பக்கத்தில் இருந்தவை ஒழுங்காகப் பேசின, தூரத்தில் இருந்த மூன்று மட்டும் வருவதும் போவதுமாக இருந்தன. ஒரு முழு நாள் கேபிளைச் சந்தேகப்பட்டேன். சாயங்காலம் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு லைனில் மீட்டரை வைத்தால் 12 ஓம் காட்டுகிறது. லைனின் கோடியில் சிக்னல் முட்டித் திரும்பாமல் இருக்கப் போடும் 120 ஓம் ரெசிஸ்டருக்கான டெர்மினேஷன் ஜம்பர் ஒவ்வொரு கண்ட்ரோலரிலும் போட்டபடியே வந்திருந்தது, யாரும் கழற்றவில்லை. பன்னிரண்டு 120-ஐ இணையாகப் போட்டால் 10, மிச்சம் கேபிளின் ரெசிஸ்டன்ஸ். லைனின் இரண்டு கோடியில் மட்டும் வைத்துவிட்டு நடுவில் இருந்த பத்தையும் கழற்றினேன், அப்புறம் பிரச்சினையே இல்லை.

அன்று முதல் எனக்கு மீட்டர்தான் ஜோசியர். பவர் ஆஃப் செய்து இரண்டு வயருக்கும் நடுவில் அளந்தால் 60-க்கு ஒட்டி வர வேண்டும். 120 வந்தால் ஒரு கோடியில் ரெசிஸ்டர் இல்லை, அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவதைப் போட்டிருக்கிறார்கள். பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால் எங்கோ ஷார்ட். டெஸ்டர் பிடிக்கத் தெரிந்தவர் இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் என் கணக்கில் 485-இன் பெரிய பலம்.

பலவீனமும் அதே லைன்தான். ஒரு போர்ட் இடி மின்னலில் வெந்து ஷார்ட் ஆகிவிட்டால் பன்னிரண்டும் ஊமை. அப்போது லைனைப் பாதியில் பிரித்து, எந்தப் பாதி பேசுகிறது என்று பார்த்து, மறுபடி பாதியாக்கினால் நாலு தடவைக்குள் குற்றவாளி கிடைத்துவிடும். அதற்கு வயரிங் ஒத்துழைக்க வேண்டும். கழற்றி மாட்டும் பச்சைக் கனெக்டரில் வரும் வயரையும் போகும் வயரையும் ஒரே இரட்டை ஃபெரூலில் (வயர் நுனிக்கு மாட்டும் உலோகக் குழலில்) சேர்த்து கிரிம்ப் செய்வேன். கனெக்டரைப் பிடுங்கினால் அந்தக் கண்ட்ரோலர் மட்டும் விலகும், லைன் அறாமல் நிற்கும்.

இன்னொரு தொல்லை ஏ, பி என்ற பெயர்கள். ஒரு கம்பெனியின் ஏ இன்னொரு கம்பெனிக்கு பி. மாற்றி மாட்டினால் எதுவும் வெடிக்காது, பேசாது, அவ்வளவுதான். எழுத்தை நம்பாமல் பிளஸ், மைனஸ் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மாற்றி மாட்டிப் பார்ப்பதில் வெட்கமில்லை. மூன்றாவதாக ஒரு காமன் வயரையும் மறக்கக் கூடாது. 485 சிப் தாங்கும் பொது வோல்டேஜ் மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வரைதான். இரண்டு பேனலின் எர்த்துக்கு நடுவில் அதற்கு மேல் வித்தியாசம் வந்தால், 'இரண்டு வயர் போதும்' என்ற பேச்சு போர்ட்டோடு சேர்ந்து வெந்துபோகும்.

கேபிளைச் சங்கிலியாக, மெஷினிலிருந்து மெஷினுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஈதர்நெட் பழகிய பையன்கள் எல்லாக் கேபிளையும் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுவந்து நட்சத்திரம் போலக் கட்டிவிடுவார்கள். 9600-இல், சின்ன ஷெட்டில், அது ஓடவும் ஓடும், பொய் சொல்லக் கூடாது. வேகத்தைக் கூட்டினாலோ கிளையை நீட்டினாலோ, ஒவ்வொரு நுனியிலும் சிக்னல் முட்டித் திரும்பிவந்து பிழைகள் ஏறும். எத்தனை கோடி இருக்கிறதோ அத்தனை கோடியில் டெர்மினேஷன் போடவும் முடியாது. நட்சத்திரம்தான் வேண்டுமென்றால் 485 ஹப் வாங்குங்கள். அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி என்று நாலு வயர் முறை ஒன்று உண்டு. கேட்டால் மட்டும் பதில் சொல்லும் மாட்பஸுக்கு அது கூடுதல் செம்புச் செலவு.

சரி, ஈதர்நெட். ஆளுக்கொரு கேபிள், ஒன்று போனால் அது மட்டும் போகும், ஸ்விட்சில் எந்த லைட் அணைந்திருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். என் ராத்திரி ரெண்டு மணிக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆபீஸ் கம்ப்யூட்டர், முதலாளியின் டேப்லெட் என்று பல பேர் ஒரே நேரத்தில் கேட்கலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே புரோகிராமை மாற்றலாம்.

உதைப்பது ஒரு செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் என்ற கட்டுப்பாடு. ஷெட்டின் கோடியில் ஸ்விட்ச் வைத்தால் மறுகோடி மெஷின் 110 மீட்டரில் நிற்கிறது. நடுவில் வைத்தால் மெஷின்களுக்குச் சரி, ஆபீஸ் 115 மீட்டர். ஆக இரண்டாவது ஸ்விட்ச் வேண்டும், இல்லையென்றால் ஃபைபர். நடு ஸ்விட்சிலிருந்து 12 மெஷினுக்கும் தனித்தனி கேபிள் என்றால் தரையளவில் மட்டும் 360 மீட்டர் ஆகிறது. 485-க்கு ஆபீஸ் வரை 170. பன்னிரண்டு கார்டின் விலை தனி. அந்த ஸ்விட்சின் பவர் சப்ளை போனால் பன்னிரண்டும் சேர்ந்துதான் போகும். அப்புறம் ஈதர்நெட் கேபிள் நுனியில் இருக்கும் அந்த ஆர்ஜே-45 கிளிப். நீராவியும் ரசாயன வாடையும் சுற்றும் ஷெட்டில் அதன் பின்கள் பச்சை பூத்துவிடும், பிளாஸ்டிக் நாக்கு முதல் முறை கழற்றும்போதே ஒடியும். ஸ்க்ரூ டெர்மினலுக்கு இந்த நோய் குறைவு.

இரண்டு போர்ட் உள்ள கார்டு வாங்கினால் ஈதர்நெட்டையும் சங்கிலியாக ஓட்டலாம், கேபிள் மிச்சம் என்பார்கள். நடுவில் ஒரு மெஷினை ஆஃப் செய்தால் அதற்கு அப்பால் இருப்பவர்களெல்லாம் காணாமல் போவார்கள். 485-இல் கூட அந்தக் கஷ்டம் இல்லை.

கேன் எனக்குப் பிடித்த பஸ் (பலரும் பகிரும் லைன்). இந்த வேலைக்கு எடுக்கவில்லை. பாஷ் நிறுவனம் காருக்காக உருவாக்கி 1986-இல் வெளியிட்டது. இதில் மாஸ்டர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, சொல்ல வேண்டியவர் தானாகச் சொல்வார். இருவர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் செய்தி எண் சின்னதாக இருப்பவர் ஜெயிப்பார், மற்றவர் அந்தச் செய்தி கெடாமல் ஒதுங்கிக்கொள்வார். தொடர்ந்து தப்புத் தப்பாகப் பேசும் கண்ட்ரோலர் தன்னைத் தானே லைனிலிருந்து விலக்கிக்கொள்ளும், இந்த நாகரிகம் 485-க்குக் கிடையாது. ஆனால் வேகம் கூடக் கூடத் தூரம் சுருங்கும். 1 மெகாபிட்டில் 40 மீட்டர்தான், 125 கிலோபிட்டுக்கு இறங்கினால் 500 வரை போகலாம். இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளும் தகவல்தான் எல்லாம், அவசரச் செய்தி எதுவும் இல்லை. ஆபீஸ் பக்கம் தனியாக ஒரு கேட்வே, அதாவது ஒரு லைனின் பேச்சை இன்னொன்றுக்கு மாற்றும் பெட்டி, வேறு வேண்டும்.

தொழிற்சாலைகளில் ஓடும் இன்னொரு பஸ்ஸான புரோஃபிபஸையும் ஒருவர் கேட்டார். ஊதாக் கேபிள், 12 மெகாபிட் வரை வேகம். அதன் கனெக்டரில் டெர்மினேஷன் சுவிட்சைப் போட்டால் அடுத்த கேபிள் தானாகத் துண்டிக்கப்படும், பழுது தேட அருமையான வசதி. அந்தப் போர்ட் இல்லாத கண்ட்ரோலரிடம் அதைப் பேசி என்ன பயன்?

கடைசியில் போட்டது ஒரு கலவை. 12 மெஷினையும் ஆறு ஆறாகப் பிரித்து, தனித்தனி 485 லைன், வேகம் 19200. இரண்டும் ஷெட்டின் கோடியில் ஒரு இரண்டு போர்ட் கேட்வேயில் வந்து சேரும், அங்கிருந்து ஆபீஸுக்கு 60 மீட்டர் ஈதர்நெட். ஒரு லைன் ஷார்ட் ஆனாலும் ஆறு மெஷின் திரையில் இருக்கும். விசாரிக்கும் சுற்றும் பாதியாகிவிட்டது. ஒரே சங்கிலியாக விட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும் கேபிள் 50, 60 மீட்டர்தான்.

வேலை முடிந்த அன்று இரவு எலக்ட்ரீஷியனிடம் கேட்வே பேனலைத் திறந்து காட்டினேன். "அப்ப மீட்டர் வெச்சாப் போதுமாண்ணா, கம்ப்யூட்டர் வேண்டாமா?" என்றார். கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவைத்தேன்: 'பவர் ஆஃப். லைன் 1: 61 ஓம். லைன் 2: 62 ஓம். ரெசிஸ்டர் இருக்கும் இடம்: மெஷின் 1, 6, 7, 12.' எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன், லைன் 2-இன் ரெசிஸ்டர் மெஷின் 12-இல் இல்லை, கேட்வேயில் இருக்கிறது. லைன் 1-இன் கோடியும் மெஷின் 6 இல்லை, அதே கேட்வேதான். அடித்துவிட்டுத் திருத்தினேன்: 'மெஷின் 1, மெஷின் 7, கேட்வேயில் இரண்டு.'