அமெரிக்க இன உரிமைப் போராட்டங்கள்: ஆவணப்படம் தேட எந்த வழி நல்லது?

மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் எந்த ஸ்ட்ரீமிங் தளத்திலும் 'சிவில் ரைட்ஸ்' என்று தட்டினால் என்னென்ன வரும் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ், மறுபடியும் கிங். எல்லாம் பார்க்க வேண்டிய படங்கள்தான். ஆனால் கலிஃபோர்னியாவின் டெலானோவில் திராட்சை பறிப்பதை நிறுத்திவிட்டு வெளியே வந்த ஃபிலிப்பினோ தொழிலாளர்கள், அல்கட்ராஸ் தீவைப் பிடித்து 19 மாதம் அங்கேயே இருந்த பூர்வகுடி இளைஞர்கள், நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையையே கையில் எடுத்துக்கொண்ட புவேர்ட்டோ ரீக்கோ பிள்ளைகள், இவர்கள் அந்த வரிசையில் தலைகாட்டுவதே அபூர்வம். இவர்களைப் பற்றியும் அருமையான படங்கள் இருக்கின்றன. தேட வேண்டிய இடம்தான் வேறு.

நான் நாலு வழியிலும் தேடிப் பார்த்தவன். ஒவ்வொன்றிலும் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று சொல்கிறேன்.

சந்தா தளங்கள்

வசதி என்று பார்த்தால் இதை அடித்துக்கொள்ள முடியாது. படம் துல்லியமாக இருக்கும், சப்டைட்டில் இருக்கும். ஏவா டுவெர்னேயின் 'தர்ட்டீன்த்' (2016) நெட்ஃபிளிக்ஸின் சொந்தத் தயாரிப்பு. அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் விடப்பட்ட ஒரு விதிவிலக்கு (குற்றத்துக்குத் தண்டனை என்றால் கட்டாய வேலை வாங்கலாம் என்பது) எப்படிச் சிறைகளை நிரப்பியது என்று அடுக்கடுக்காகக் காட்டும் படம். 2020 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸே அதை யூடியூபில் இலவசமாகப் போட்டது. அதனால் சந்தா இல்லையே என்று அதை விட்டுவிட வேண்டாம்.

என் குறை வேறு. இங்கே கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பின்னாலிருந்து திரும்பிப் பார்த்து எடுத்த படங்கள். ராவுல் பெக்கின் 'ஐ ஆம் நாட் யுவர் நீக்ரோ' (2016), கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் முடிக்காமல் விட்டுப்போன முப்பது பக்கக் கையெழுத்துப் பிரதியிலிருந்து பிறந்தது. அதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. இருந்தாலும் போராட்டம் நடந்துகொண்டிருந்த அன்றைக்கே அங்கே நின்ற கேமராவுக்கு ஈடு எதுவும் இல்லை. 'த பிளாக் பவர் மிக்ஸ்டேப்' (2011) பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஸ்வீடன் தொலைக்காட்சிக்காரர்கள் அமெரிக்காவுக்குப் போய் எடுத்து, பல வருடம் கிடப்பில் கிடந்த சுருள்களிலிருந்து தொகுத்த படம் அது. 1972இல் சிறையில் இருக்கும் கறுப்பினப் போராளி ஏஞ்சலா டேவிஸிடம் வன்முறையைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர் ஒரு கணம் அந்தக் கேள்வியையே நம்பமுடியாதவர்போலப் பார்க்கிறார். அப்புறம் தான் பிறந்து வளர்ந்த பர்மிங்ஹாமில் வெடித்த குண்டுகளையும், தனக்குத் தெரிந்த சிறுமிகள் அதில் செத்ததையும் சொல்லத் தொடங்குகிறார். அந்த முகத்தை எந்த நிபுணர் பேட்டியும் தர முடியாது.

யூடியூபும் அரசு ஆவணக் காப்பகமும்

இலவசம் என்றால் மட்டம் என்று நினைப்பவர்கள் ஜேம்ஸ் புளூ எடுத்த 'த மார்ச்' படத்தைப் பார்க்க வேண்டும். 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியைப் பற்றியது. வெளிநாடுகளில் காட்டுவதற்காக அமெரிக்க அரசின் செய்தித் துறையே எடுத்த படம். அந்தத் துறையின் படங்களை உள்நாட்டில் காட்டக் கூடாது என்று அப்போது சட்டம் இருந்ததால், 1990 வரை அமெரிக்கர்களுக்கே அது கிடைக்கவில்லை! இப்போது தேசிய ஆவணக் காப்பகம் அதை யூடியூபிலேயே வைத்திருக்கிறது. கிங்கின் பேச்சு எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது பேரணிக்கு வருபவர்களுக்காகத் தன்னார்வலர்கள் வரிசையாக நின்று சாண்ட்விச் கட்டும் காட்சிதான். ஒரு பெரிய காரியத்துக்குப் பின்னால் எத்தனை கைகள் என்று அங்கே தெரியும்.

ஆனால் யூடியூபில் ஜாக்கிரதை வேண்டும். பாதி வெட்டப்பட்ட பிரதிகள், தப்பான தலைப்புகள், இன்று இருந்து நாளை காணாமல் போகும் இணைப்புகள் எல்லாம் சகஜம். ஏற்றியது யார் என்று முதலில் பாருங்கள். காப்பகம், பல்கலைக்கழகம், செய்தி நிறுவனம் என்றால் நம்பலாம். 1970 ஜூலை 14 அன்று யங் லார்ட்ஸ் என்ற புவேர்ட்டோ ரீக்கோ இளைஞர் அமைப்பினர் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் லிங்கன் மருத்துவமனையைக் கைப்பற்றிய கதையைச் சொல்லும் 'டேக்ஓவர்' (2021) என்ற குறும்படம், நியூயார்க் டைம்ஸின் ஆப்-டாக்ஸ் என்ற குறும் ஆவணப்பட வரிசையில் வந்தது. நாற்பது நிமிடம்கூட ஆகாது.

பொதுத் தொலைக்காட்சி

ஒரே ஒரு இடம்தான் சொல்ல வேண்டும் என்றால் அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் என்பேன். நெடுந்தொடர்களில் அதை யாரும் நெருங்க முடியாது. மெக்சிக வம்சாவளியினரின் சிகானோ இயக்கத்துக்கு 'சிகானோ!' (1996, 4 பகுதி), பூர்வகுடிகளுக்கு 'வி ஷல் ரிமெய்ன்' (2009, 5 பகுதி), ஆசிய வம்சாவளியினருக்கு 'ஏஷியன் அமெரிக்கன்ஸ்' (2020, 5 பகுதி). எல்லாவற்றுக்கும் தாய்போல, கறுப்பின மக்களின் போராட்டத்துக்கு 'ஐஸ் ஆன் த பிரைஸ்'.

இந்தத் தொடரின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாஸ்டனில் பிளாக்சைட் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய ஹென்றி ஹாம்ப்டன் எடுத்தது. 1987இல் ஆறு பகுதி, 1990இல் எட்டு. பழைய செய்திச் சுருள், புகைப்படம், பாட்டு என்று நூற்றுக்கணக்கான துண்டுகளைச் சேர்த்துத் தைத்த வேலை. கையில் இருந்த பணத்துக்கு அவற்றின் உரிமத்தைச் சில வருடங்களுக்குத்தான் வாங்க முடிந்தது. அது காலாவதியானதும் தொடரை ஒளிபரப்பவும் முடியவில்லை, புதிதாக விற்கவும் முடியவில்லை. கிங்குக்குச் சுற்றியிருப்பவர்கள் 'ஹேப்பி பர்த்டே' பாடும் காட்சி ஒன்று உண்டு. அந்தப் பாட்டுக்குக்கூட அப்போது ஒரு நிறுவனம் உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தது. ஹாம்ப்டன் 1998இல் இறந்துபோனார். ஃபோர்டு அறக்கட்டளை உட்படச் சிலர் பணம் போட்டு உரிமங்களைப் புதுப்பித்த பிறகு, 2006இல்தான் தொடர் மறுபடி ஒளிபரப்பானது. நடுவில் அந்த வருடங்களில் அதைப் பார்க்க விரும்பியவர்களுக்கு இருந்த வழி நூலகங்களில் தேய்ந்துகொண்டிருந்த வீடியோ டேப்தான்.

பிபிஎஸ்ஸின் பலவீனமும் இப்படிப் படம் கைக்கு எட்டாமல் போவதுதான். இலவசமாகப் பார்க்கச் சில காலம் விடுவார்கள், பிறகு உறுப்பினர்களுக்கு மட்டும் என்பார்கள். அமெரிக்காவுக்கு வெளியே பல படங்கள் திறக்கவே திறக்காது.

நூலக அட்டையும் சிறு விநியோகஸ்தர்களும்

என் ஓட்டு இதற்குத்தான். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலர் பிள்ளைகளின் கதைப் புத்தகத்துக்காக வாங்கிய நூலக அட்டையை வைத்துக்கொண்டே, அந்த அட்டையைக் கொண்டே படம் பார்க்கக் கானபி என்ற தளம் இருப்பது தெரியாமல் இருக்கிறார்கள். உங்கள் நூலகம் அதில் சேர்ந்திருந்தால் செலவில்லை. மாதத்துக்கு இத்தனை என்று ஒரு வரம்பு உண்டு, அவ்வளவுதான். எந்தப் படம் இருக்கும் என்பது காலத்துக்கும் நூலகத்துக்கும் ஏற்ப மாறும்.

அங்கே இல்லையென்றால் தர்ட் வேர்ல்ட் நியூஸ்ரீல், கலிஃபோர்னியா நியூஸ்ரீல் போன்ற விநியோகஸ்தர்களின் பட்டியலைப் புரட்டுங்கள். 60களின் கடைசியில் இயக்கத்துக்குள்ளிருந்தே கேமரா தூக்கியவர்களின் வழிவந்த அமைப்புகள் இவை. கல்லூரிகளுக்கு விற்பவர்கள் என்பதால் விலை கூடுதலாகத்தான் இருக்கும், பார்த்துப் பயந்துவிட வேண்டாம். பெயரைக் குறித்துக்கொண்டு நூலகத்தில் கொடுத்தால் போதும். நான் ஒருமுறை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்த படம், மூன்று வாரம் கழித்து வேறு ஊர்க் கல்லூரியின் முத்திரையோடு டிவிடியாக வந்து சேர்ந்தது.

'ஹூ கில்ட் வின்சென்ட் சின்?' (1987) படத்தை எப்படியாவது தேடிப் பிடியுங்கள். கார்த் தொழில் நகரமான டெட்ராய்ட்டில் ஜப்பான் கார்கள்மேல் கோபம் கொழுந்துவிட்ட 1982இல், சீன வம்சாவளி இளைஞர் ஒருவரை இருவர் விரட்டிப் பிடித்து பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். தண்டனை மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். சிறை இல்லை. கிறிஸ்டீன் சோயும் ரெனே தாஹிமாவும் அடித்தவரையே கேமரா முன் உட்கார வைத்துப் பேசவிடுகிறார்கள். அவர் அமைதியாகப் பேசுகிறார். இன்னொரு பக்கம் தாய் லில்லி சின் பேச முடியாமல் அழுகிறார். படம் நமக்கு எதையும் விளக்கிச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

சரி, எந்த வழியில் போனாலும் தேடும் சொல்லை மாற்றுங்கள். 'இனப் போராட்டம்' என்று தேடினால் பொதுவான படம்தான் வரும். ஊரை, ஆளை, கட்டடத்தைப் போட்டுத் தேடுங்கள். பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் பெயரைப் போடுவதற்குப் பதில் லாரி இட்லியாங் என்று போட்டுப் பாருங்கள். 1965 செப்டம்பர் 8 அன்று டெலானோ திராட்சை வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் அவரும் அவருடைய ஃபிலிப்பினோ தோழர்களும்தான். 'டெலானோ மனோங்ஸ்' (2014) தானாக வந்து நிற்கும். சான்ஃபிரான்சிஸ்கோவின் ஐ-ஹோட்டல் என்று போட்டால், 1977இல் வயதானவர்களை நள்ளிரவில் அங்கிருந்து வெளியேற்றியதைக் காட்டும் கர்ட்டிஸ் சோயின் படம் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. 'ஐஸ் ஆன் த பிரைஸ்' முதல் பகுதியைப் பார்த்து முடித்த கையோடு செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்துக்குப் போங்கள். ஹாம்ப்டனின் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. தொடருக்காக எடுத்த பேட்டிகளின் எழுத்து வடிவம், படத்தில் வராமல் வெட்டப்பட்ட பகுதிகளோடு, அங்கே இருக்கிறது. பேருந்தில் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் திரையில் சில நிமிடம்தான் பேசுகிறார். பேட்டியில் அதைவிட நிறையவே சொல்லியிருக்கிறார்.