நாக்தேவி தெருவில் வாங்கிய சான்றில்லாத தெர்மல் ரிலீஃப் வால்வு: ஒரு மதிப்பீடு

நவி மும்பையின் தலோஜாவில் உள்ள ஒரு கரைப்பான் கிடங்கில், எளிதில் தீப்பற்றும் டொலுயீன் ஓடும் குழாய்களுக்காக, மும்பை நாக்தேவி தெருக் கடையொன்றில் வாங்கிய முக்கால் அங்குல தெர்மல் ரிலீஃப் வால்வுகளைப் பற்றியது இந்த மதிப்பீடு. சூடேறி விரியும் திரவத்தின் அழுத்தம் குறித்த அளவைத் தாண்டும்போது தானாகத் திறந்து அதைத் தணிப்பவை இவை. சான்றிதழ் உள்ள வால்வின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கே இவை கிடைத்தன. “தெர்மல் வால்வுதானே அண்ணாச்சி, வெயிலுக்குக் கொஞ்சம் சொட்டினால் போதுமே” என்று திருநெல்வேலிக்காரரான கடைக்காரர் சொன்னதை எங்கள் கொள்முதல் பிரிவும் ஏற்றுக்கொண்டது.

நான் மறுப்பது அந்த எண்ணத்தைத்தான். இருபுறமும் அடைக்கப்பட்ட குழாயில் நிரம்பி நிற்கும் திரவத்துக்கு விரிய இடமில்லை என்பதால், வெப்பநிலை ஒரு டிகிரி கூடினாலே அழுத்தம் பல பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்றுமண்டல அழுத்தத்தின் அளவு) ஏறிவிடக்கூடும். டொலுயீனோ தண்ணீரைவிடப் பல மடங்கு விரியும் திரவம். 2013இல் அமெரிக்காவின் லூசியானாவிலுள்ள கெய்ஸ்மர் ஆலையில், ரிலீஃப் வால்விலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த ரீபாய்லர் என்னும் சூடேற்றும் கலத்துக்குள் திரவப் புரொப்பேன் சூடேறி விரிந்ததில் கலம் வெடித்து இருவர் இறந்தனர். வெளியேற வேண்டிய அளவு சொட்டாக இருக்கலாம். அது வெளியேறாவிட்டால் வரும் அழுத்தம் சிறியதன்று.

பொருத்துவதற்கு முன் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினோம். 10 பார் என்று டேகில் பொறித்திருந்தவற்றுள் ஒன்று 13 பாரைத் தாண்டிய பிறகே திறந்தது. இந்த அழுத்தத்தில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) விதி அனுமதிக்கும் விலகல் 3 விழுக்காடு மட்டுமே. இன்னொன்று 9 பாரிலேயே குமிழ்களை எண்ண முடியாதபடி கசிந்தது. இத்தகைய சிறு வால்வின் வாயை அடைக்கும் உலோக இருக்கைக்கு (சீட்) அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. 527 தரம் அந்த நிலையில் பொறுப்பது நிமிடத்துக்கு 40 குமிழ்கள். உள்ளிருந்த ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தை டொலுயீனில் ஊறவைத்தபோது, நைட்ரைல் ரப்பருக்கே உரிய விதத்தில் உப்பிப்போய், மறுநாள் தன் பள்ளத்தில் உட்காரவில்லை.

இவற்றையெல்லாம்விட என்னைக் கலங்கவைத்தது, சரியாக 10 பாரில் திறந்த வால்வுதான். அதை மட்டும் சோதித்திருந்தால் மற்றவற்றையும் நம்பிப் பொருத்தியிருப்போம். ஒரே தரத்தில், ஒரே ஸ்பிரிங்கோடு, ஒரே சோதனையைத் தாண்டி ஒவ்வொன்றும் வெளிவந்தது என்ற உறுதிக்குத்தான் சான்றிதழுக்கு விலை கொடுக்கிறோம். கடையில் கொடுத்த டெஸ்ட் சர்டிபிகேட்டிலோ வரிசை எண்ணே இல்லை. எல்லா வால்வுகளுக்கும் ஒரே தாளின் நகல்.

கடைக்காரர் மறுபேச்சின்றிப் பணத்தைத் திருப்பித் தந்தார். அந்த நாணயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் எரியும் திரவமோ அரிக்கும் திரவமோ உள்ள எந்தக் குழாயிலும் இந்த வால்வைப் பொருத்தக் கூடாது என்பதே என் முடிவு. சான்றுள்ள வால்வுகள் வந்து சேரும் வரை, டொலுயீன் ஏற்றி முடித்தவுடன் குழாயை வடித்துவிடுகிறோம். வடிக்க முடியாத பகுதிகளில் டேங்கின் பக்கத்து வால்வைத் திறந்தே வைத்து, அதை யாரும் மூடிவிடாதபடி பூட்டியிருக்கிறோம்.